மாணவர்கள் நடத்தும் நூலகவியல் ஆய்விதழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஆய்விதழைப் புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் நூலகவியல் படிக்கும் மாணவர்கள் ஊதியமின்றி நடத்துகிறோம். ஆண்டுக்கு இரண்டு இதழ்கள், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கட்டுரைகள். கட்டுரை அனுப்ப நினைப்பவர்களும், தங்கள் ஊரில் இப்படி ஓர் இதழ் தொடங்க விரும்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகள் ஆசிரியர் குழுவில் இருந்துவிட்டேன். வரும் இதழோடு பொறுப்பை அடுத்த அணியிடம் ஒப்படைக்கப் போகிறேன். அதற்குமுன் இதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

ஆய்விதழ் நடத்துவது பேராசிரியர்கள் செய்யவேண்டிய வேலை அல்லவா?

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ஆய்விதழ்களை மாணவர்களே நடத்துவது நெடுங்கால வழக்கம். ஹார்வர்டு சட்ட ஆய்விதழ் 1887-இல் தொடங்கியது. இன்றும் மாணவர்கள்தான் அதன் ஆசிரியர்கள். நூலகவியலிலும் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள், டொரான்டோ பல்கலைக்கழக மாணவர்கள் என்று முன்னோடிகள் இருக்கிறார்கள். மாணவர் நடத்துவதால் தரம் குறையும் என்பதை நான் ஏற்கவில்லை. கவனம் குறைந்தால்தான் தரம் குறையும். கவனத்துக்கும் பதவிக்கும் தொடர்பு கிடையாது.

அதற்காகப் பேராசிரியர்களை விலக்கி வைக்கவும் இல்லை. எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களின் உலக அடைவான டி.ஓ.ஏ.ஜே., மாணவர் இதழ் என்றால் ஆலோசனைக் குழுவில் முனைவர் பட்டம் பெற்ற இருவராவது இருக்க வேண்டும் என்கிறது. அது நியாயமான நிபந்தனை. எங்கள் ஆலோசகர்கள் எந்தக் கட்டுரையை ஏற்பது என்று சொல்வதில்லை. கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வாளர்கள் இருவர் எதிரெதிராகச் சொல்லும்போதும், ஒருவர்மீது கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டு வரும்போதும் அவர்களிடம் போகிறோம். அந்த இரண்டு இடங்களிலும் வயதும் அனுபவமும் தேவைப்படுகின்றன.

என்ன பொருளில் எழுதலாம்?

நூலகம், ஆவணக் காப்பகம், பகுப்பாக்கம், பட்டியலாக்கம், வாசிப்பு, சுவடி, மின்னூலகம் எதுவானாலும் சரி. ஆனால் எங்களுக்கு ஓர் ஆசை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை: இந்த மண்ணைப் பற்றி எழுதுங்கள்.

புதுச்சேரியில் ரோமன் ரோலன் பெயர் தாங்கிய பொது நூலகத்தின் தொடக்கம் 1827. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் கீழ்த்திசை ஆய்வுப் பள்ளியிலும் உள்ள சைவ சித்தாந்தச் சுவடித் தொகுதி 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. பாகூரில் ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விக்கூடத்துக்கு, ஊர்களைக் கொடையாக எழுதித் தந்த பல்லவர் காலச் செப்பேடு கிடைத்திருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியது இங்கேதான். தெற்கே சிதம்பரத்தைத் தாண்டினால் சீர்காழி. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் பிறந்த ஊர். இவ்வளவையும் அருகில் வைத்துக்கொண்டு, எங்கும் பொருந்துகிற பொதுக் கட்டுரைகளையே நாம் எழுதிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கடலூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பரில் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம். நனைந்த தாளில் ஏறக்குறைய இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்பது பாடப்புத்தகச் செய்தி. அந்த இரண்டு நாளில், மின்சாரம் இல்லாத கிளை நூலகத்தில், தனி ஆளாக இருந்த நூலகர் என்ன செய்தார்? எதைக் காப்பாற்றினார், எதைக் கழித்துவிட்டார், பதிவேட்டில் எப்படி எழுதினார்? அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினால் அதுவே ஆய்வு.

எங்களுக்கு மிகுதியாக வருபவை, ஒரு கல்லூரி நூலகத்தில் வினாத்தாள் கொடுத்து மாணவர்களின் திருப்தியை அளக்கும் கட்டுரைகள். அவற்றை ஒதுக்குவதில்லை. ஆனால் திருப்தி இல்லை என்று சொன்னவர்களிடம் ஏன் என்று கேட்டீர்களா என்பதுதான் எங்கள் முதல் கேள்வியாக இருக்கும்.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக. ஆங்கிலக் கட்டுரைகளையும் வெளியிடுகிறோம். தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுச் சுருக்கமும், ஆங்கிலக் கட்டுரைக்குத் தமிழில் ஒன்றும் கட்டாயம் கேட்கிறோம். இரண்டு மொழியிலும் தேடுகிறவருக்குக் கட்டுரை அகப்பட வேண்டும்.

யூனிகோடில் அனுப்புங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களான பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்து வரும் கட்டுரையை மாற்றி எடுப்பது எளிதுதான். மாற்றிய பிறகு பிழைகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ‘கொ’ என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் இடலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. கணினிக்குள் வேறு வேறு. இதையாவது ஒரு மென்பொருளால் சீராக்கிவிடலாம். ‘ஔ’ அப்படி அல்ல. பலர் ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுகிறார்கள். அப்போது ஔவையார் ‘ஒளவையார்’ ஆகிவிடுகிறார், அகர வரிசையில் ‘ஒ’வுக்குக் கீழே போய் அமர்ந்துகொள்கிறார், ‘ஔ’ என்று தேடுகிறவருக்குக் கிடைக்கமாட்டார். எந்த மென்பொருளும் தானாக இதைத் திருத்தாது, ஏனென்றால் அதன் கணக்கில் அது பிழையே இல்லை. பட்டியலாக்கம் படிக்கும் நமக்கு, ஒரு நூல் இருந்தும் கிடைக்காமல் போவது எத்தகைய இழப்பு என்று தெரியும். ஆகவே ஒவ்வொரு கட்டுரையிலும் ‘ஒள’, ‘கெள’, ‘மெள’ எனத் தேடிப் பார்ப்பது மெய்ப்புப் பார்ப்பவரின் கட்டாய வேலை.

கட்டுரை அனுப்பினால் என்ன நடக்கும்?

மூன்று நாளுக்குள் “வந்து சேர்ந்தது” என்று ஒரு பதில் வரும். ஆறு வாரத்துக்குள் முடிவு வரும். தாமதமானால், தாமதமாகிறது என்றாவது எழுதுவோம்.

இந்த மூன்றாவது வாக்கியத்துக்கு ஒரு காரணம் உண்டு. இளங்கலை முடித்த ஆண்டு என் முதல் கட்டுரையை ஓர் இதழுக்கு அனுப்பினேன். பதினொரு மாதம் ஒரு சொல்லும் வரவில்லை. நிராகரித்திருந்தால்கூடத் திருத்தி வேறிடம் அனுப்பியிருப்பேன். ஒவ்வொரு நாளும் அஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிய அந்த மாதங்கள்தான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தன. ஓர் இதழ் தன் எழுத்தாளருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை, நேரத்தில் பதில் எழுதுவது. வேறு எதில் சமரசம் செய்தாலும் இதில் செய்யக் கூடாது என்று புதிதாக வரும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் படிக்கிறார்கள்: முதுகலை அல்லது ஆய்வு மாணவர் ஒருவர், பணியில் இருக்கும் நூலகர் அல்லது ஆசிரியர் ஒருவர். எழுதியவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியாது. படித்தவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. இங்கே இது கூடுதல் முக்கியம், ஏனென்றால் நம் துறை சிறியது. புதுச்சேரியிலும் சிதம்பரத்திலும் யார் எதில் ஆய்வு செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். பெயரை முதல் பக்கத்திலிருந்து நீக்கினால் போதாது. கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் இருக்கும். ஓரக் குறிப்புகளில் இருக்கும். கோப்புக்கே உங்கள் பெயரை வைத்திருப்பீர்கள். நன்றியுரையில் நெறியாளரின் பெயர் இருக்கும். நான்கையும் நாங்கள் ஒருமுறை பார்க்கிறோம். நீங்களும் பார்த்து அனுப்பினால் ஒரு நாள் மிச்சமாகும்.

மதிப்பாய்வு எழுதி எனக்குப் பழக்கமில்லை. எப்படி எழுதுவது?

“மொழிநடை சரியில்லை”, “ஆழம் போதாது”, “மேலும் செம்மைப்படுத்தவும்.” இந்த மூன்றையும் எழுதாதீர்கள். இவற்றைப் படித்து ஒருவரும் எதையும் திருத்த முடியாது.

இப்படி எழுதலாம்: “வினாத்தாள் 120 பேருக்குக் கொடுத்ததாக இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் அட்டவணையின் கூட்டுத்தொகை 112. எட்டுப் பேர் பதில் தரவில்லையா, கணக்கில் விடுபட்டார்களா? பதில் தரவில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.” பெற்றவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று உடனே தெரிகிறது. அட்டவணைகளைக் கூட்டிப் பாருங்கள். கட்டுரையின் முடிவுரையில் சொல்லப்படுவது உள்ளே எங்காவது காட்டப்பட்டிருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். நன்றாக இருப்பதையும் எந்த இடத்தில், எதனால் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பாராட்டும் துல்லியமாக இருக்கும்போதுதான் நம்பத்தக்கதாகிறது.

நிராகரிப்புக் கடிதத்தை நான் இரண்டு முறை எழுதுகிறேன். முதலில் எழுதியதை மறுநாள் காலை, அதைப் பெறப்போகிற மாணவராக என்னை வைத்துப் படிப்பேன். பெரும்பாலும் இரண்டு வாக்கியங்கள் நீங்கும், ஒன்று சேரும். சேர்வது, “இந்தப் பகுதியை மட்டும் தனியாக வளர்த்தால் நல்ல கட்டுரையாகும்” என்பது போன்ற ஒன்று.

கருத்துத் திருட்டை எப்படிப் பார்க்கிறீர்கள்?

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகள், பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. அதற்குமேல் 40 வரை, 60 வரை, 60-க்கு மேல் என்று மூன்று நிலைகள். மேற்கோள் குறிக்குள் மூலம் சுட்டித் தந்தவையும் துணைநூற்பட்டியலும் கணக்கில் வாரா. நாங்களும் மென்பொருளில் இட்டுப் பார்க்கிறோம். ஆனால் எண்ணைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அறிக்கையைத் திறந்து படிக்கிறோம். 18 சதவீதம் வந்த ஒரு கட்டுரையில் பெரும்பகுதி நூலகச் சட்டத்தின் வாசகமாக இருக்கலாம். 6 சதவீதம் வந்த கட்டுரையில் அந்த ஆறும் பிறருடைய முடிவுரையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். தமிழில் இந்த மென்பொருள்களை நம்பவே முடியாது. ஆங்கில நூலை மொழிபெயர்த்துத் தன் பெயரில் தந்தால் மென்பொருள் அதைக் கண்டுபிடிக்காது. படித்தவர் கண்தான் கண்டுபிடிக்கும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா?

மொழித் திருத்தத்துக்குப் பயன்படுத்தினால் எந்த இடத்தில் என்று கட்டுரையில் சொல்லுங்கள். கருவியைக் கட்டுரையாசிரியராகப் பெயரிட முடியாது. எழுதியதற்குப் பொறுப்பேற்க அதனால் இயலாது என்பதே பதிப்பு நெறிக் குழுவான கோப் அமைப்பின் நிலைப்பாடும். இல்லாத நூலைத் துணைநூற்பட்டியலில் கண்டால் கட்டுரையை அப்போதே திருப்பி அனுப்பிவிடுகிறோம். நூலகவியல் மாணவர் இல்லாத நூலை மேற்கோள் காட்டுவதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கட்டணம் எவ்வளவு?

இல்லை. எழுதுகிறவரும் தரவேண்டாம், படிக்கிறவரும் தரவேண்டாம். பணம் கேட்டு, நான்கே நாளில் ஏற்புக் கடிதம் அனுப்பும் இதழ்கள் நம் அனைவரின் அஞ்சல் பெட்டிக்கும் வருகின்றன; அவற்றை நம்பி ஏமாந்த நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். இதழ் நடத்த நாங்கள் பயன்படுத்தும் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் கட்டற்ற மென்பொருள், இதழ்களை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-உம் இலவசம். செலவு இணையப் பெயருக்கும் இடத்துக்கும்தான். அதை முன்னாள் மாணவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையான இணைய அடையாளம் தரும் டி.ஓ.ஐ. எண் பெற ஆண்டுச் சந்தாவும் கட்டுரைதோறும் ஒரு தொகையும் தரவேண்டும் என்பதால் அதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.

ஐ.எஸ்.எஸ்.என். பெறுவது எப்படி? அரசுப் பதிவு வேண்டுமா?

இந்தியாவில் புதுதில்லியில் உள்ள நிஸ்பர் என்னும் அரசு ஆய்வு நிறுவனத்தின் மையம் தருகிறது. அச்சுக்கு ஒன்று, மின்னிதழுக்கு ஒன்று என்று தனித்தனி எண். எட்டு இலக்கங்களில் கடைசியானது முதல் ஏழையும் கொண்டு கணக்கிடப்படும் சோதனை இலக்கம். அது 10 வந்தால் எக்ஸ் என்ற எழுத்து இடப்படும். ஒரு போலி இதழைச் சந்தேகப்பட்டால் முதலில் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்திரிகைப் பதிவுச் சட்டம் 1867-க்குப் பதிலாக 2024 மார்ச் முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் வரையறை அறிவியல், தொழில்நுட்ப, கல்விசார் ஆய்விதழ்களைப் பருவ இதழ்களில் சேர்ப்பதில்லை, ஆகவே அந்தப் பதிவு வேண்டியதில்லை.

உங்கள் இதழ் யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா?

அந்தப் பட்டியலே இப்போது இல்லை. தரமான இதழ்களுக்கென வைத்திருந்த ‘கேர்’ பட்டியலை யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இதழின் தரத்தை நிறுவனங்களே மதிப்பிட வேண்டும் என்கிறது. முனைவர் பட்டத்துக்குமுன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2022 விதிமுறைகள் நீக்கிவிட்டன. உங்கள் துறை எதைக் கேட்கிறது என்று நெறியாளரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால் நாங்கள் உங்களுக்குப் பொருத்தமான இடமாக இல்லாமல் போகலாம்.

என் பெயரை எப்படி எழுதுவது? தலைப்பெழுத்து முன்னாலா, பின்னாலா?

எளிய கேள்வி போலத் தெரியும். எங்கள் நேரத்தை மிகுதியாக எடுத்துக்கொள்வது இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ரங்கநாதனின் பெயரில் முதலெழுத்து ஊரையும் இரண்டாவது தந்தையையும் குறிக்கின்றன. இறுதியில் வருவதே அவர் பெயர். ஆகவே ‘கடைசிச் சொல்லை முன்னால் எழுது’ என்ற மேல்நாட்டு விதி அவருக்கு அப்படியே பொருந்திவிட்டது. ஆனால் இன்று பள்ளிச் சான்றிதழில் ‘கவிதா மு’ என்று எழுதுகிறார்கள். அதே விதியால் கவிதா ‘மு’ ஆகிவிடுகிறார். தந்தையின் பெயரை விரித்து எழுதினால் அடைவுகளில் முருகேசன் என்பவர் எழுதிய கட்டுரையாகிவிடுகிறது. மூன்று கட்டுரை எழுதிய ஒரு பெண் மூன்று வெவ்வேறு ஆட்களாகச் சிதறிக் கிடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தமிழ்க் கட்டுரையில் ‘கவிதா, மு.’ என்று இயற்பெயரில் பதிகிறோம். ஆங்கிலத்திலும் இயற்பெயரையே முதன்மையாக்கி, தலைப்பெழுத்தைத் துணையாக வைக்கிறோம். முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து வாழ்நாள் முழுதும் அதையே எழுதுங்கள். ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் ஒன்றும் பெற்றுவிடுங்கள், இலவசம்.

பதிப்புரிமை யாருக்கு?

உங்களுக்கே. பெயரைச் சுட்டி எவரும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறோம்.

மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்களே, இதழ் எப்படி நிலைக்கும்?

இதைத்தான் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டும், கடைசியில்தான் கேட்கிறார்கள். மாணவர் இதழ்களுக்குப் பணமின்மையைவிடப் பெரிய ஆபத்து, கைமாறும்போது அறுந்துபோவது. முதுகலை இரண்டே ஆண்டு. முதல் ஆண்டு கற்றுக்கொள்வதில் போகும், இரண்டாம் ஆண்டின் இறுதியில் தேர்வும் வேலை தேடலும் வந்துவிடும்.

நாங்கள் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். இணையப் பெயர், படிப்பை முடித்துப் போன ஒருவரின் தனிப்பட்ட மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பு அவர் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலையில் இதழ் காணாமல் போனது. அவர் வேறு மாநிலத்தில் வேலையில் இருந்தார். பிடித்துப் பேசி மீட்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் எங்களில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை. ஐந்தாறு எழுத்தாளர்கள் தங்கள் வேலை விண்ணப்பத்தில் அந்த முகவரியைக் கொடுத்திருந்தார்கள்.

இப்போது எல்லாக் கணக்குகளும் இதழின் பொது மின்னஞ்சலில் இருக்கின்றன. புதிய அணியை ஜூனில் அல்ல, ஜனவரியிலேயே தேர்ந்தெடுக்கிறோம். ஓர் இதழை இரண்டு அணியும் சேர்ந்து கொண்டுவருகின்றன. கடலூர்க்காரர்களும் வந்து திரும்ப வசதியாகச் சனிக்கிழமைகளில் கூடுகிறோம். இதோடு நீல அட்டை போட்ட ஒரு நோட்டும் உண்டு. எந்தத் தேதியில் எது காலாவதி, எந்த மதிப்பாய்வாளர் ஏப்ரலில் படிக்கமாட்டார், எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்று எல்லாம் கையால் எழுதப்பட்டது. ‘ஏன்’ என்பதை எழுதி வைக்காவிட்டால் அடுத்த அணி அதே வாதத்தை முதலிலிருந்து தொடங்கும்.

இதழ் நின்றேபோனால் என் கட்டுரை என்ன ஆகும்?

அந்த நாளுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம். எங்கள் மென்பொருளை உருவாக்கிய ‘பொது அறிவுத் திட்டம்’ (பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட்) என்ற அமைப்பின் பாதுகாப்பு வலையமைப்பில் ஒரு படி சேர்கிறது. ஆண்டுத் தொகுப்பைச் சில படிகள் அச்சிட்டு நூலகங்களுக்குத் தருகிறோம். 1954-ஆம் ஆண்டுச் சட்டம், வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு நூலின் படியைப் பதிப்பாளர் அனுப்ப வேண்டும் என்கிறது. சிறிய பதிப்பாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை, செய்யுங்கள். பாரதியார் 1908-இல் புதுச்சேரிக்கு வந்து இங்கிருந்து நடத்திய ‘இந்தியா’ இதழ் 1910-இல் நின்றது. அதை இன்று நாம் படிக்க முடிகிறதென்றால், நின்ற பிறகும் யாரோ சிலர் படிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள்.

நான் ஆசிரியர் குழுவில் சேரலாமா? முதல் வேலை என்ன?

நூலகவியலில் பி.லிப்., எம்.லிப்., ஆய்வு மாணவர் யாராயினும் சேரலாம். வாரத்துக்கு மூன்று மணி நேரம் தர முடிந்தால் போதும்.

முதல் மாதம் ஒரு கட்டுரையின் துணைநூற்பட்டியலை மட்டும் தருவோம். ஒவ்வொரு நூலையும் தேடி எடுத்து, ஆண்டு, பதிப்பு, பக்கம் சரியா என்று பார்க்க வேண்டும். நூலகவியலின் ஐந்து விதிகளைச் சொல்லும் ரங்கநாதனின் நூல் ஏறக்குறைய எல்லாக் கட்டுரையிலும் வரும். ஆண்டு 1931 என்று போட்டிருப்பார்கள். பக்க எண்ணோ 1957-இல் வந்த இரண்டாம் பதிப்பினுடையதாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துத் தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பென்சிலும் தாளும் கொண்டு வாருங்கள்.